டிரா கேட்கும் மரியாதை

சதுரங்கத்தில் எதிராளியை வெட்டுவதற்கும், மிரட்டுவதற்கும், நகர இடமின்றி அடைத்துவைப்பதற்கும் எண்ணற்ற உபாயங்களை நிபுணர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் ஆட்டத்தின் நடுவே தலையை நிமிர்த்தி, 'இத்தோடு சமமாக முடித்துக்கொள்ளலாமா?' என்று அதே எதிராளியைக் கேட்பது எப்போது தகும், எப்போது தகாது, யார் கேட்கலாம், எத்தனை முறை கேட்கலாம் என்ற விஷயத்தில் மட்டும் அவர்களுடைய புத்தகங்கள் வெகு சிக்கனமாகவே பேசுகின்றன. அது ஆட்டத்தின் சாஸ்திரத்தைச் சேர்ந்ததன்று, ஆடுகிறவர்களின் ஆசாரத்தைச் சேர்ந்தது என்று அவர்கள் கருதியிருக்க வேண்டும். இன்று பஸ்ஸில் போகிறபோதே கைப்பேசியில் மூன்று நிமிஷ ஆட்டம் ஆடுகிற பையன், திரையின் ஓரத்தில் இருக்கும் ஒரு சிறிய பொத்தானை விரலால் தொட்டு, முகமறியாத ஒருவரிடம் டிரா கேட்டுவிடுகிறான். மறுமுனையில் இருப்பவர் பிரேசில்காரரா, பக்கத்துத் தெருக்காரரா என்பதுகூட அவனுக்குத் தெரியாது. அந்தப் பொத்தானுக்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு விவகாரம் அடங்கியிருக்கிறது. டிராவுக்கு ஒரு விலை ஏற்பட்ட நாளில்தான் அதைக் கேட்பதற்கு ஒரு மரியாதையும் ஏற்பட்டது என்பதும், அந்த விலையை நாடியவர்களே அந்த மரியாதையைக் கெடுத்தார்கள் என்பதும், கெட்டதை விதிகளால் சீர்செய்ய முயன்று தோற்றவர்கள் கடைசியில் அதை இயந்திரத்தின் பொறுப்பில் விட்டுவிட்டார்கள் என்பதும் என் அபிப்பிராயம்.

1851-ஆம் ஆண்டு லண்டன் மாநகரில், ஹோவர்ட் ஸ்டாண்டன் என்ற ஆங்கிலேய நிபுணரின் முயற்சியால், பல தேசத்து வீரர்கள் கூடிய முதல் பெரிய போட்டி நடந்தது. பிரெஸ்லாவிலிருந்து வந்த ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் அடால்ஃப் ஆண்டர்சன் அதில் முதல்வரானார். அந்தப் போட்டியில் டிராவான ஆட்டத்துக்குக் கணக்கில் இடமே இல்லை. முடிவு காணும்வரை மறுபடி ஆட வேண்டியதுதான். 1862-இல், அதே லண்டனில், ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடனும் ஆடும் முறையில் நடந்த போட்டியிலும் அதே ஏற்பாடுதான். இப்படிப்பட்ட காலத்தில் ஒருவர் டிரா கேட்டால், 'நாளைக்கு இன்னொரு ஆட்டம் ஆடுவோம்' என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. லாபம் இல்லாத இடத்தில் பேரம் பிறப்பதில்லை. பேரம் இல்லாத இடத்தில் அதற்கான நாகரிகமும் வேண்டியதில்லை. 1866-இல் ஆண்டர்சனும் வில்ஹெல்ம் ஸ்டைனிட்சும் மோதிய புகழ்பெற்ற பந்தயத்தில் பதினான்கு ஆட்டங்கள் நடந்தன. எட்டில் ஸ்டைனிட்ஸ் ஜெயித்தார், ஆறில் ஆண்டர்சன் ஜெயித்தார், ஒன்றுகூட டிரா இல்லை. ஆட்டம் தொடங்கிய மாத்திரத்தில் சிப்பாய்களைப் பலிகொடுத்து ராஜாவின் மேல் பாய்வதையே வீரம் என்று கொண்டாடிய அந்தத் தலைமுறைக்கு, சமாதானம் பேசுவது சுவாரஸ்யமற்ற காரியமாகவே தோன்றியிருக்கும்.

நிலைமை மாறியது 1867-ஆம் ஆண்டில். அவ்வாண்டு இரண்டு போட்டிகள் நடந்தன; இரண்டும் டிராவை இரண்டு விதமாக நடத்தின. பாரிஸில், டிரா செய்த இருவருக்கும் பூஜ்யம். அதாவது தோற்றவனுக்குக் கிடைக்கும் அதே கூலி. ஸ்காட்லாந்தில் உள்ள டண்டி நகரத்திலோ, டிராவானால் இருவருக்கும் அரைப் புள்ளி, மறு ஆட்டம் இல்லை என்று தீர்மானித்தார்கள். பாரிஸில் இக்னாட்ஸ் கோலிஷும், டண்டியில் ஸ்டைனிட்சைப் பின்தள்ளி குஸ்தாவ் நாய்மனும் முதல் பரிசு பெற்றார்கள் என்பது சரித்திரப் புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் பரிசு பெற்றவர்களைவிட அந்த அரைப் புள்ளிதான் நீண்ட ஆயுளுடன் இருக்கிறது. அது உடனே எங்கும் பரவிவிடவும் இல்லை. 1883-இல் லண்டனில் நடந்த பெரும் போட்டியில்கூட, இருவரின் ஆட்டம் டிராவானால் மறுபடி ஆட வேண்டும், அதுவும் டிராவானால் மறுபடியும் ஆட வேண்டும், மூன்றாவதும் டிராவானால்தான் அரைப் புள்ளி என்று ஒரு நடுவழியைக் கண்டார்கள். அதே போட்டியில்தான் இரட்டை முகம் கொண்ட சதுரங்கக் கடிகாரமும் அரங்கேறியது. அரைப் புள்ளி, கடிகாரம் ஆகிய இவ்விரண்டும் சேர்ந்த பிறகே டிரா கேட்பது என்ற செயலுக்கு ஒரு வேளையும் முறையும் தேவைப்பட்டன; ஏனென்றால், இனி ஒருவரின் பேச்சு மற்றவரின் நேரத்தை விழுங்கக்கூடும்.

அந்த முறையைச் சற்று அருகில் நின்று பார்க்கலாம். நம்முடைய முறை வரும்போது முதலில் காயை நகர்த்த வேண்டும். நகர்த்தியபின், கடிகாரத்தின் பொத்தானை அழுத்துவதற்கு முன், டிராவை வாயால் சொல்ல வேண்டும். அதன் பிறகே கடிகாரத்தை அழுத்த வேண்டும். எதிராளி யோசிப்பதானால் தன் சொந்த நேரத்தில் யோசிக்கிறார்; நாம் எந்த நகர்த்தலுக்குப் பிறகு கேட்கிறோம் என்பது அவருக்குப் பலகையிலேயே தெரிகிறது. காயை நகர்த்தாமல் முதலில் டிராவைக் கேட்டுவிட்டு அவர் முகத்தைப் படிக்கும் தந்திரத்துக்கு, 'முதலில் நகர்த்துங்கள், பிறகு பார்ப்போம்' என்று பதில் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. சொன்னதைத் திரும்பப் பெற முடியாது. அதில் நிபந்தனை எதையும் சேர்க்கக் கூடாது. அவர் வாயால் மறுத்தாலும், நகர்த்தும் எண்ணத்தோடு ஒரு காயைத் தொட்டாலும் அந்தக் கோரிக்கை அப்போதே செத்துப்போகிறது. கேட்டதற்கு அடையாளமாக இருவரும் தத்தம் குறிப்புத்தாளில் அந்த நகர்த்தலுக்குப் பக்கத்தில் (=) என்று ஒரு குறி போட வேண்டும். இன்றைக்கும் ஃபிடே என்ற அகில உலகச் சம்மேளனத்தின் விதிப்புத்தகம் இதையேதான் சொல்கிறது. காரணமின்றி டிரா கேட்டுக்கொண்டிருப்பதை, எதிராளிக்குத் தொந்தரவு கொடுக்கும் குற்றங்களின் வரிசையில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

எழுதாத விதிகள் இவற்றைவிட நுட்பமானவை. நிலை தெளிவாக மோசமாக இருக்கும்போது கேட்பது இழுக்கு. தன்னைவிட வல்லவரிடம் சிறியவர் முந்திக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம். ஒருமுறை கேட்டு மறுக்கப்பட்டவர், நிலைமை கணிசமாக மாறினாலன்றி மறுபடி வாய் திறக்கக் கூடாது, அடுத்துக் கேட்கும் உரிமை மறுத்தவரையே சேர்ந்தது. பந்தியில் உட்கார்ந்து ருசித்துச் சாப்பிடுகிறவரிடம் நிமிஷத்துக்கு ஒருதரம் வந்து 'போதுமா, எழுந்திருக்கிறீர்களா?' என்று விசாரிக்கும் வீட்டுக்காரரை எவ்வளவு மதிப்போமோ, அவ்வளவுதான் மீண்டும் மீண்டும் டிரா கேட்பவரையும் மதித்தார்கள். இவை எல்லாம் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டுக்கொண்டு ஆடிய சூழ்நிலையில் உண்டானவை என்பதை மறக்கக் கூடாது. கூச்சம் என்ற ஒன்று இருந்ததால்தான் இவற்றைக் காவல் காக்கத் தனி ஆள் வேண்டியிருக்கவில்லை.

எதிராளியின் முகத்தைக் காணாமல் ஆடும் வழக்கம் இணையத்தோடு வந்தது என்று நினைப்பதும் சரியன்று. 1824-இல் தொடங்கி 1828 வரையில் லண்டன் கழகமும் எடின்பரோ கழகமும் கடிதத்தின் வழியாகவே ஆடின. 1844-இல், மோர்ஸின் தந்திக்கம்பி நட்ட அதே ஆண்டில், வாஷிங்டன்காரர்களும் பால்டிமோர்காரர்களும் தந்தியில் ஆடினார்கள். 1945 செப்டம்பரில் அமெரிக்காவும் சோவியத் நாடும் வானொலி மூலம் ஆடி, சோவியத் நாடு 15½–4½ என்ற கணக்கில் ஜெயித்தது. தபாலில் ஆடுகிறவர்கள் டிராக் கோரிக்கையைத் தனிக் கார்டில் எழுதி அனுப்புவதில்லை. நகர்த்தலை எழுதிய அதே கார்டில், நகர்த்தலுக்குக் கீழே, ஒரு வரியாகச் சேர்ப்பார்கள். மறுத்தால், மறுப்பவர் தம் அடுத்த நகர்த்தலை எழுதினாலே போதும். தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. இந்தத் தபால் வழக்கம்தான் பின்னால் கணினிக்காரர்களின் கையில் சிக்கி, இன்றைய இணைய ஆட்டத்தின் விதியாக உருமாறியது.

அதற்குள் டிராவின் விலை பெருகி, மரியாதை தேய்ந்துகொண்டிருந்தது. 1927-இல் ப்யூனஸ் அயர்ஸில் காப்பாபிளாங்காவும் அலெகினும் உலகப் பட்டத்துக்காக ஆடியபோது, ஆறு ஆட்டங்களை முதலில் ஜெயிப்பவருக்கே பட்டம், டிராக்கள் கணக்கில் இல்லை என்பதே ஏற்பாடு. ஆயினும் முப்பத்துநான்கு ஆட்டங்களில் இருபத்தைந்து டிராவாயின. கடைசி ஆட்டத்தைத் தொடர்ந்து ஆட வராமல், தோல்வியை ஒப்புக்கொண்டு காப்பாபிளாங்கா எதிராளிக்கு ஒரு கடிதம் அனுப்பிவைத்தார். இருவருக்கும் பகை இருந்தது, அது வேறு விஷயம். ஆனால் வல்லவர்கள் இருவர் பிழையின்றி ஆடினால் எல்லா ஆட்டமும் டிராவில்தான் முடியும், சதுரங்கம் அதனாலேயே மாண்டுபோகும் என்ற பயம் அந்தக் காலத்தில் பலரைப் பீடித்திருந்தது. மாளவில்லை, ஆனால் வேறொரு நோய் பிடித்தது. ஆடாமலே டிரா செய்துகொள்ளும் நோய் அது.

1924-இல் பிறந்த ஃபிடே, 1929-இல் தன் முதல் விதிப்புத்தகத்திலேயே, முப்பது நகர்த்தல்கள் ஆவதற்குமுன் இருவரும் பேசி டிரா செய்துகொள்ளக் கூடாது என்று எழுதியது. அந்த விதி 1952-இல் கைவிடப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து அதன் பலனை எல்லோரும் கண்ணாரக் கண்டார்கள். 1962-இல், கரீபியக் கடலில் உள்ள குராசோ தீவில், உலகப் பட்டத்துக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் நெடிய போட்டி நடந்தது. அங்கே பெட்ரோஸியன், கெரஸ், கெல்லர் ஆகிய மூன்று சோவியத் வீரர்கள் தங்களுக்குள் ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களும் டிரா. அவற்றின் சராசரி நீளம் சுமார் பத்தொன்பது நகர்த்தல்கள். வெயில் சுட்டெரிக்கும் தீவில், நடுவே ஓர் ஓய்வு நாள் கிடைத்தாற்போல அவர்கள் எழுந்து போனார்கள்; மற்றவர்கள் வியர்வை சிந்தி ஆடிக்கொண்டிருந்தார்கள். பெட்ரோஸியன் 17½ புள்ளியோடு முதலிடம், மற்ற இருவரும் 17. பத்தொன்பது வயது நிரம்பிய பாபி ஃபிஷருக்கு 14. ஃபிஷர் சும்மா இருக்கவில்லை. ரஷ்யர்கள் கூட்டுச் சேர்ந்து ஏமாற்றுகிறார்கள் என்று ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் பகிரங்கமாகக் குற்றம் சாட்டி எழுதினார். அவருடைய ஆட்டமே அந்தப் போட்டியில் முதலிடத்துக்குப் போதுமானதாக இல்லை என்பதும் உண்மை, அவர் சொன்னது பொய்யன்று என்பதும் உண்மை. விளைவாக, அடுத்த சுழற்சியிலிருந்து அந்தப் போட்டியையே, இருவர் இருவராக மோதி வெளியேற்றும் முறைக்கு மாற்றினார்கள்.

முப்பது நகர்த்தல் விதியையும் மறுபடி கொண்டுவந்தார்கள். 1963-இல், மீறினால் இருவருக்கும் தோல்வி என்று கடுமையாக்கினார்கள். ஆனால் இந்த விதியை எழுதியவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா என்று உரிமை கோரலாம் என்ற பழைய விதி ஒன்று இருக்கிறதல்லவா? பேசி டிரா செய்யக் கூடாது என்றால், பேசாமல் இருவரும் குதிரையை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தால் முடிந்தது. நடுவர்களுக்கோ, உலகப் புகழ் பெற்றவர்களை அழைத்து 'நீங்கள் நடித்தீர்கள்' என்று சொல்லும் துணிவும் இல்லை, நிரூபிக்கும் வழியும் இல்லை. 1964-இல் விதியை எடுத்துவிட்டார்கள். முறைகேட்டை விதியால் பிடிக்கப்போனால் முறைகேடு விதிக்கு உட்பட்ட வேஷம் போட்டுக்கொண்டு வரும் என்பதற்கு இதைவிட நேரான சாட்சியம் சதுரங்கச் சரித்திரத்தில் கிடைக்காது. 1984 செப்டம்பரில் மாஸ்கோவில் தொடங்கிய கார்ப்போவ்–காஸ்பரோவ் பந்தயம் நாற்பத்தெட்டு ஆட்டங்கள் ஓடி, அவற்றில் நாற்பது டிராவாகி, முடிவு இல்லாமலே 1985 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டதைப் பலரும் அறிவார்கள். அதில் சோர்வும் இருந்தது, அரசியலும் இருந்தது.

இந்த நிலையில்தான், 1992 ஜனவரியில், அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணினிகளின் உலகத்தில், மைக்கேல் மூர், ரிச்சர்ட் நாஷ் ஆகிய இருவர் எழுதிய ஒரு நிரலினால் இணையச் சதுரங்க சர்வர் பிறந்தது. அந்தக் காலத்து மாணவர்கள் டெல்நெட் என்ற வழியாக அதனுள் நுழைந்தால், கறுத்த திரையில் கோடுகளும் எழுத்துகளுமாக ஒரு பலகை தெரியும். ராஜாவுக்கு ஓர் எழுத்து, ராணிக்கு ஓர் எழுத்து, சிப்பாய்க்கு ஓர் எழுத்து. நகர்த்துவதென்றால் கட்டத்தின் பெயரை அடித்து எண்டர் தட்ட வேண்டும். டிரா கேட்பதென்றால் 'டிரா' என்ற அந்த ஒரே சொல்லை அடித்தால் போதும். மறுமுனைத் திரையில், இன்னார் உமக்கு டிரா அளிக்கிறார் என்று ஒரு வரி தோன்றும். மறுமுனைக்காரர் அதே சொல்லைத் திருப்பி அடித்தால் ஆட்டம் முடிந்தது. ஒரே நிலை மூன்று முறை வந்ததாக உரிமை கோருவதற்கும் அதே சொல்தான். ஆக, கேட்பதற்கும், ஏற்பதற்கும், உரிமை கோருவதற்கும் ஒரே சொல்! குரலின் தயக்கமோ, முகத்தின் குறிப்போ, கை நீட்டலோ இல்லாமல் அந்தச் சொல் வந்து விழுந்தது. கூச்சம் காவல் காத்த இடத்தில் காவல் இல்லாமற்போயிற்று.

முதலில் அது சின்ன உலகம். ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியும். அநாகரிகமாக நடந்தவனைப் பற்றி எல்லோரும் பார்க்கும்படி நாலு வரி எழுதிவிட்டால் அவனோடு ஆட ஆள் கிடைக்காது. கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் ஸ்லேட்டர் அந்த சர்வரைக் கையில் எடுத்துச் செப்பனிட்டு, 1995-இல் ஆண்டுச் சந்தா விதித்தபோது, அதுவரை இலவசமாக ஆடியவர்களில் ஒரு சாரார் கோபித்துக்கொண்டு, ஃபிக்ஸ் என்ற இலவச சர்வரைத் தனியாக ஏற்படுத்தினார்கள். இரண்டிலும் பெரிய தொல்லை டிரா அன்று, தொடர்பு அறுவதுதான். தொடர்பு அறுந்தால் ஆட்டம் ஒத்திவைக்கப்படும் என்பதால், தோற்கப்போகிறவன் கம்பியைப் பிடுங்கிவிட்டு ஓடுவான். நேர்மையாகவே தொடர்பு அறுந்தவனையும் அவனையும் பிரித்தறிய வழியில்லை. நல்ல மனசுள்ளவர்கள், எதிராளி திரும்பி வந்ததும், சமமான நிலையாக இருந்தால் தாமே டிரா அளித்தார்கள். இந்தப் பெருந்தன்மை எந்தப் போட்டி மண்டபத்திலும் காணக்கிடைக்காத புது வழக்கம். இணையம் கெடுத்தவற்றையே எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

2007-இல் செஸ்.காம் வந்தது, 2010-இல் திபோ துப்ளெஸி என்ற பிரெஞ்சு நிரலாளர் விளம்பரமோ கட்டணமோ இல்லாத லிசெஸ் தளத்தைத் தொடங்கினார். சொல் போய்ப் பொத்தான் வந்தது. லிசெஸ் திரையில் பலகைக்கு வலப்புறம் மூன்று சிறு குறிகள் வரிசையாக நிற்கும்: நகர்த்தலைத் திரும்பப் பெறக் கேட்கும் ஓர் அம்பு, ½ என்ற எண், ஒரு கொடி. நடுவில் இருப்பது டிரா, கடைசியில் இருப்பது தோல்வியை ஒப்புக்கொள்வது. இரண்டும் இவ்வளவு அருகருகே இருப்பதால், அவசரத்தில் விரல் தவறினால் அரைப் புள்ளி கேட்கப்போனவன் முழுப் புள்ளியையும் தாரை வார்த்துவிடக்கூடும்; ஆகையால் ஒருமுறை தொட்டதும், உறுதிதானா என்று அது திருப்பிக் கேட்கிறது. எதிராளி நகர்த்தினால் கோரிக்கை மறுக்கப்பட்டதாக அர்த்தம். வாய் திறந்து மறுக்க வேண்டாம், அந்தப் பழைய தபால் கார்டைப் போலவே. ஒருமுறை கேட்டவர் உடனே மறுபடியும் கேட்க முடியாது, ஆட்டம் கொஞ்சம் நகர்ந்தபிறகே பொத்தான் மறுபடி உயிர்பெறும். ஒருதரம் மறுக்கப்பட்டால் நிலைமை மாறும்வரை வாய் திறக்காதே என்று பெரியவர்கள் கடைப்பிடித்த ஆசாரம் இப்படி நிரலின் ஒரு வரியாகிவிட்டது. அதைக் கடைப்பிடிப்பவனுக்கு இனிப் பெருமை இல்லை, மீறுவதற்கே வழியில்லையே.

இயந்திரத்தால் அடக்க முடியாத ஓரிடம் மிச்சம் இருக்கிறது, அது நேர நெருக்கடி. மூன்று நிமிஷ ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நகர்த்தலுக்கு நகர்த்தல் கூடுதல் விநாடி கிடையாது. இருவரிடமும் ஒரு ராஜாவும் ஒரு யானையும்தான் மிச்சம். வெள்ளைக்காரரிடம் பத்தொன்பது விநாடி, கறுப்புக்காரரிடம் நாலு விநாடி. நிலைமையைப் பார்த்தால் குழந்தைகூட டிரா என்று சொல்லும். கறுப்புக்காரர் பொத்தானைத் தொடுகிறார். வெள்ளைக்காரர் பதில் சொல்லாமல் யானையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்டுகிறார். அடுத்த விநாடி மறுபடி ஓட்டுகிறார். நாலு விநாடி கழிந்து கறுப்புக்காரர் தோற்கிறார். போட்டி மண்டபத்தில் இதே நிலை ஏற்பட்டிருந்தால், கடைசி இரண்டு நிமிஷத்துக்குள், எதிராளி நேர்வழியில் ஜெயிக்க முயலவில்லை என்று நடுவரிடம் முறையிட்டு டிரா பெற ஃபிடே விதியில் நெடுங்காலம் இடம் இருந்தது. சர்வரில் நடுவர் இல்லை. கடிகாரமும் ஆட்டத்தின் ஓர் அங்கம், நேரத்தைக் காப்பாற்றத் தெரியாதவன் தோற்கத்தான் வேண்டும் என்று ஒரு சாராரும், நிலைமை செத்தபிறகு கடிகாரத்தை வைத்து வேட்டையாடுவது அற்பத்தனம் என்று மற்றொரு சாராரும் ஓயாமல் சண்டை போடுகிறார்கள். என் கட்சியைக் கேட்டால், நாலு விநாடி மீதி உள்ளவர் கேட்பதை மரியாதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அது யாசகம். பத்தொன்பது விநாடி உள்ளவர் கேட்டால்தான் அது மரியாதை. ஆனால் அப்படி யாசித்தவனைப் பழிப்பதும் நியாயம் அன்று. மூன்று நிமிஷ ஆட்டத்துக்கு வந்தவர்கள் இருவருமே அந்தக் கத்தியின் மேல்தான் நடக்கிறார்கள்.

இதற்கு உள்ள ஒரே மருந்தைக் கண்டுபிடித்தவரும், டிராவை அவ்வளவு வெறுத்த அந்த ஃபிஷர்தான். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடிகளைக் கூட்டித்தரும் கடிகாரத்துக்கு அவர் 1980-களின் கடைசியில் காப்புரிமை பெற்று, 1992-இல் தம் பழைய எதிராளி ஸ்பாஸ்கியோடு மறுபடி ஆடியபோது அதைப் பயன்படுத்திக் காட்டினார். இணையத்தில் இரண்டு விநாடி கூடுதல் உள்ள ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், யானையை ஓட்டிக் கொல்லும் விளையாட்டுக்கு இடமே இல்லை.

தாமே சதுரங்கம் ஆடும் கணினி இயந்திரங்களும் டிரா கேட்கக் கற்றுக்கொண்டன. சர்வரோடு பேசும் இயந்திரங்களுக்கான மொழியில் டிரா அளிப்பதற்கு ஒரு கட்டளை உண்டு. தன் கணக்குப்படி நிலைமை சமம் என்றால் இயந்திரம் ஏற்கும், தனக்குச் சாதகம் என்றால் மறுக்கும். எதிராளி பலவீனமானவர் என்று அறிந்தால் சமமான நிலையையும் தனக்குக் குறைவானதாகக் கருதும்படி ஓர் அளவை அதனுள் அமைத்துவைக்கும் வழக்கமும் இருந்தது. சிறியவர் முந்திக் கேட்கலாகாது என்ற அந்தப் பழைய அகந்தை, இப்படிச் சிப்பாயின் நூற்றில் சில பங்கு என்ற கணக்கில் பதிவாகிவிட்டது வேடிக்கைதான்.

இதற்கிடையில் மண்டபத்துக்காரர்கள் பேச்சையே தடைசெய்யும் வழியில் போனார்கள். 2005-இல் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் நடந்த எம்டெல் போட்டியில், எதிராளியிடம் டிரா கேட்கவே கூடாது, தோன்றினால் நடுவரிடம் சொல், அவர் நிலைமையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார் என்று விதித்தார்கள். 2010-இல் அதே சோஃபியாவில், ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பலால் விமானம் கிடைக்காமல் ஐரோப்பாவைத் தரைவழியே கடந்து வந்து சேர்ந்த நம் விஸ்வநாதன் ஆனந்தோடு உலகப் பட்டத்துக்கு ஆடிய டோபலோவ், தாம் அந்த விதிப்படியே நடப்பதாகவும், எதிராளியிடம் டிரா பேசப்போவதில்லை என்றும் அறிவித்தார். ஆனந்தை அது கட்டுப்படுத்தவில்லை. கடைசி ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு ஆடிய ஆனந்த் ஜெயித்துப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். 2018-இல் லண்டனில் உலகப் பட்டத்துக்காகக் கார்ல்சனும் கருவானாவும் ஆடிய பன்னிரண்டு நீண்ட ஆட்டங்களும் டிரா; பன்னிரண்டாவதில் நிலையும் நேரமும் தமக்கே சாதகமாக இருந்தும் கார்ல்சனே டிரா கேட்டார். வேக ஆட்டத்தில் தாம் வல்லவர் என்ற கணக்கு அது; மூன்று வேக ஆட்டங்களையும் ஜெயித்துக் கணக்குச் சரிதான் என்று காட்டினார். சாதகமாக இருப்பவர் கேட்பது பெருந்தன்மை என்ற பழைய இலக்கணம் அன்று தலைகீழாயிற்று. 2024-இல் சிங்கப்பூரில் சென்னை இளைஞர் குகேஷும் டிங் லிரனும் ஆடியபோது, நாற்பது நகர்த்தலுக்கு முன் டிரா பேசக் கூடாது என்று விதி இருந்தது; கடைசி ஆட்டத்தில் சமமாய்த் தோன்றிய முடிவாட்டத்தை, ஒரு சிப்பாய் அதிகம் என்ற பிடிமானத்தோடு குகேஷ் விடாமல் இழுத்துக்கொண்டுபோக, ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் டிங் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார்.

இணையத்தில் பெரியவர்கள் கூடியபோதும் பழைய நாடகங்கள் திரும்பி வந்தன. 2021 மார்ச்சில், கார்ல்சன் பெயரிலேயே நடந்த இணையப் போட்டியின் ஆரம்பச் சுற்றில், அடுத்த கட்டத்துக்கு இருவருமே தேறிவிட்ட நிலையில், அவரும் நகமுராவும் இரண்டாவது நகர்த்தலிலேயே ராஜாக்களைச் சிப்பாய்களுக்குப் பின்னால் இறக்கிவிட்டு, அவற்றை முன்னும் பின்னும் நடக்கவிட்டு, ஆறு நகர்த்தலில் டிராவாக்கினார்கள். வர்ணனையாளர்கள் விழுந்துவிழுந்து சிரித்தார்கள். குராசோவில் மறைத்துச் செய்ததை இங்கே எல்லோரும் பார்க்கப் பரிகாசமாகச் செய்தார்கள் என்பதே வித்தியாசம். 2023 டிசம்பரில் சாமர்கண்டில் நேரில் நடந்த உலக அதிவேகப் போட்டியில், நெபோம்னியாச்சியும் டுபோவும் குதிரைகளை நடனமாடவிட்டு அதே காரியத்தைச் செய்தபோது, நடுவர் இருவருக்கும் பூஜ்யம் போட்டார். 1867-இல் பாரிஸ்காரர்கள் கொடுத்த கூலி.

2020 ஆகஸ்டில் இணைய ஒலிம்பியாட் இறுதிச்சுற்றில் நடந்ததோ யாரும் கேட்காத டிரா. ஆனந்தும் பிரக்ஞானந்தாவும் இடம்பெற்ற இந்திய அணி, ரஷ்யாவோடு முதல் சுற்றில் சமமாக நின்று, இரண்டாவது சுற்றின் நடுவே உலகளாவிய இணையக் கோளாறினால் தொடர்பு அறுந்து, இரு ஆட்டக்காரர்கள் நேரம் போய்த் தோற்க நேர்ந்தது. முறையீட்டை விசாரித்த ஃபிடே இரு நாடுகளுக்கும் தங்கப்பதக்கம் என்று அறிவித்தது. கம்பி அறுந்தவனுக்குத் தாமாக டிரா அளித்த அந்தப் பழைய சர்வர்க்காரர்களின் பெருந்தன்மையைச் சம்மேளனமே ஒருநாள் கைக்கொள்ள நேர்ந்தது. ஆயினும் ரஷ்யர்களில் சிலருக்கு அது கசந்தது என்பதில் ஆச்சரியமில்லை.

இனி லிசெஸ் தளத்தின் அரங்கப் போட்டிகளைப் பார்க்க வேண்டும். அங்கே குறித்த நேரத்துக்குள் எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் ஆடலாம். ஜெயித்தால் இரண்டு புள்ளி, டிராவானால் ஒன்று. ஆனால் முதல் பத்து நகர்த்தலுக்குள் டிராவானால் இருவருக்கும் ஒன்றும் இல்லை. அடுத்தடுத்து டிரா செய்துகொண்டேபோனால் முதல் டிராவுக்கு மட்டுமே புள்ளி, பிந்தியவை முப்பது நகர்த்தலைத் தாண்டியிருந்தால்தான் கணக்கில் சேரும். 1929-இல் எழுதி, 1964-இல் வெட்கத்தோடு அழித்த அதே முப்பது! அன்று அந்த விதியைத் தோற்கடித்தது நடுவரின் தயக்கம். இங்கே தயங்குவதற்கு ஆள் இல்லை. பேசி டிரா செய்தார்களா, குதிரையை முன்னும் பின்னும் ஓட்டி டிரா செய்தார்களா, உள்நோக்கம் என்ன என்று நிரல் விசாரிப்பதில்லை; நகர்த்தல்களை எண்ணுகிறது, எண்ணிப் புள்ளியை மறுக்கிறது. நேர்மையாக ஆடி, இருபத்தெட்டாவது நகர்த்தலில் உண்மையாகவே சமநிலையை அடைந்த இருவருக்கும் சில வேளை அதே தண்டனை விழுகிறது. ஆகையால் அனுபவசாலிகள் அந்த அரங்குகளில் முப்பது ஆகும்வரை ½ பொத்தானைத் தொடுவதில்லை, யானைகளைச் சும்மா இரண்டு தடவை அங்குமிங்கும் நகர்த்திவிட்டு அதன் பிறகே கேட்கிறார்கள்.